14416: பிள்ளையை அடித்துவிட்டுத் தூக்கம் வராத இரவுக்கு

இரவு ஒன்பதரை. வீட்டுப்பாட நோட்டில் பால் கொட்டிவிட்டது. பிள்ளை நிமிர்ந்து பார்ப்பதற்குள் அடி விழுந்துவிட்டது. கூடவே வாயிலிருந்து வந்த சொற்கள், முப்பது வருடத்துக்கு முன் அப்பா சொன்ன அதே சொற்கள். இந்தத் தவிப்பில் இருக்கும் பெற்றோர் சென்னையில் முதலில் தட்ட வேண்டிய கதவு, 14416 என்ற எண்ணில் போனிலேயே மனநல ஆலோசனை தரும் அரசு சேவையான டெலி மானஸ் என்பது எங்கள் கருத்து. தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் முதல் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் இயங்குகிறது. 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

"மனசு சரியில்லைங்க" என்று மட்டும் தொடங்கினால் பேச்சு தூக்கம், பசி என்று பொதுவாகவே போய்விடும். மூன்று விஷயங்களைத் தாளில் குறித்துக்கொண்டு கூப்பிடுங்கள். பிள்ளை என்ன செய்யும்போது வெறி வருகிறது? அந்த நொடியில் உடம்பில் என்ன ஆகிறது, தாடை இறுகுகிறதா, காது சூடாகிறதா? சின்ன வயதில் வீட்டில் அடி, குடி, சண்டை என்று எது இருந்தது? மூன்றாவதை மறைக்காதீர்கள், முடிச்சு அங்கேதான் இருக்கிறது. அடிக்குப் பயந்தே வளர்ந்த உடம்பு, உரத்த சத்தத்தையும் எதிர்ப்பேச்சையும் ஆபத்தாக எடுத்துக்கொள்ளப் பழகியிருக்கும். யோசனை வருவதற்கு முன்பே நெஞ்சு படபடக்கும், கை நீளும். "அடியாத மாடு படியாது" என்கிற சமாதானமெல்லாம் அதற்கப்புறம் வருவதுதான்.

ஒற்றைப் படுக்கையறை வீட்டில் பேச முடியாது. மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள். சொல்வது ரகசியமாக இருக்கும். ஆனால் ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரியவந்தால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி புகார் கொடுத்தே ஆக வேண்டும்.

குறை என்றால், போன் பேச்சு முதலுதவி மட்டும்தான். அடுத்த முறை அதே ஆலோசகர் எடுப்பார் என்று நம்ப முடியாது. பழைய காயத்துக்கு ஒரே ஆளிடம் வாராவாரம், மாதக்கணக்கில் போக வேண்டும். "மனநல மருத்துவரிடம் இணையுங்கள்" என்று நீங்களே கேளுங்கள், ஆலோசகருக்கு மேலே மருத்துவர்களிடம் இணைக்கும் இரண்டாம் அடுக்கு டெலி மானஸில் இருக்கிறது. நேரில் போக, 1794-ல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்டதும் கூசுகிறவர்கள் இன்னும் நிறைய. அங்கே புறநோயாளியாகப் பார்த்துவிட்டு அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம்.

தனியாரிடம் போனால், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் (மருத்துவ உளவியலாளர்) என்பவரிடம் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேளுங்கள். முதல் நாளே முழுக் கதையையும் தோண்டுகிறவரிடம் எச்சரிக்கை தேவை. கிளறிவிட்ட காயத்தோடு வீடு திரும்பினால், அன்றிரவு அடி பிள்ளைக்குத்தான் விழும். முதல் சில வாரம் மூச்சு, தூக்கம், நிதானம் என்று தரையைக் கெட்டிப்படுத்திவிட்டுத்தான் பழையதைத் தொட வேண்டும். இணையத்தில் சுற்றும் பத்துக் கேள்வி 'ஏஸ்' (சிறுவயதுக் கொடுமைகளைக் கணக்கிடும்) மதிப்பெண்ணை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள். அது எத்தனை வகைக் கொடுமை என்று எண்ணுமே தவிர, எவ்வளவு கடுமை, யார் துணை நின்றார்கள் என்று பார்க்காது.

14416-ஐ அழுத்தும் முன் செய்ய வேண்டியது: கையில் இருக்கும் கரண்டியை, ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போங்கள். நான்கு எண்ணி மூச்சிழுத்து, ஆறு எண்ணி விடுங்கள், பத்து முறை. பிறகு பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து, "நான் அடிச்சது தப்பு. பால் கொட்டினதுக்கு அடிச்சிருக்கக் கூடாது" என்று சொல்லுங்கள். "ஆனா நீயும்..." என்று ஆரம்பிக்காமல் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.