பி பாஸா ஜே பாஸா? மண்டபத்துல ஒரு பதில், வீட்டுல ஒரு பதில்

புதுசா பாஸ் கிட்டார் வாசிக்க ஆரம்பிக்கற பசங்க என்கிட்ட கேக்கற மொத கேள்வியே இதுதான், அண்ணே பிரிசிஷன் வாங்கவா ஜாஸ் வாங்கவான்னு. ரெண்டும் ஃபெண்டர் கம்பெனியோட பாஸ் மாடல், சுருக்கமா பி பாஸ், ஜே பாஸ். நானும் ரொம்ப வருஷமா அன்னன்னிக்கு மூடு எப்படியோ அப்படி ஒரு பதில் சொல்லிட்டு இருந்தேன். இப்ப ரெண்டு டைப்பும் வீட்டுல இருக்கு, ரெண்டையும் தூக்கிட்டு லைட் மியூசிக், கல்யாண மண்டபம், சர்ச்னு சுத்தியாச்சு, அதனால கொஞ்சம் தைரியமா சொல்லலாம்.

கதைய சுருக்கமா முடிச்சிடறேன். லியோ ஃபெண்டர் 1951ல பிரிசிஷன கொண்டு வந்தாரு. அதுக்கு முன்னாடி பேண்டுல பாஸ்னா ஆள் உயரத்துக்கு நிக்கற டபுள் பாஸ்தான், அதுல ஃப்ரெட் (நெக் மேல குறுக்க போட்ட உலோகக் கம்பி) கிடையாது, காத நம்பித்தான் சுருதி புடிக்கணும். இதுல ஃப்ரெட் போட்டாரு, விரல வச்சா சுருதி கரெக்டா வந்து நிக்கும், அதான் பேரே பிரிசிஷன். ரெண்டு துண்டா ஏறுமாறா உக்காந்திருக்கற அந்த பிக்கப் (ஸ்ட்ரிங் அதிர்வ சிக்னலா மாத்தற காந்தச் சுருள்) 1957ல வந்தது. ஜாஸ் பாஸ் 1960. பேருதான் ஜாஸ், அத வச்சு பேர் வாங்கினதுல பாதிப்பேர் ராக்கும் ஃபங்க்கும் வாசிச்சவங்க. ரெண்டுக்கும் ஸ்கேல், அதாவது ஸ்ட்ரிங் அதிர்ற நீளம், ஒண்ணுதான், 34 இன்ச், அதனால இது கைக்கு எட்டும் அது எட்டாதுன்னு கடையில யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. வித்தியாசம் நெக் அகலத்துல. நட் (நெக்கோட தலைப் பக்கம் ஸ்ட்ரிங் உக்கார்ற சின்னக் கட்டை) கிட்ட ஜாஸ் 38 மில்லிமீட்டர், பிரிசிஷன் பொதுவா 41, 42, பழைய மாடல்னா 44 வரைக்கும் போகும். மூணு மில்லிமீட்டர்ல என்ன வந்துடப் போகுதுன்னு நானும் நெனச்சவன்தான். மூணு மணி நேர கச்சேரி முடிஞ்சு இடது கை கட்டவிரலுக்கு கீழ இருக்கற சதைய அமுக்கிப் பாருங்க, அது சொல்லும்.

சவுண்டுக்கு வருவோம், சண்டையே அங்கதான். பிரிசிஷன்ல ஒரு பிக்கப், ஒரு வால்யூம், ஒரு டோன், அவ்வளவுதான். கெடுக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. ஜாஸ்ல ரெண்டு பிக்கப், ரெண்டுக்கும் தனித்தனி வால்யூம், ஒரு டோன். கடையில உக்காந்து தனியா வாசிச்சா ஜாஸ்தான் ஜெயிக்கும், சந்தேகமே வேணாம், ரெண்டு வால்யூமையும் ஃபுல்லா தொறந்தீங்கன்னா கீழ கனமா மேல பளபளன்னு ரெக்கார்ட்ல கேக்கற மாதிரியே இருக்கும். நான் மயங்கி வாங்கினதும் அப்படித்தான். அந்த பளபளப்பு எங்கிருந்து வருதுன்னா, ரெண்டு பிக்கப்பும் ஒரே ஸ்ட்ரிங்க ரெண்டு வேற இடத்துல புடிக்குது, ரெண்டும் சேரும்போது நடு ஃப்ரீக்வென்ஸி கொஞ்சம் ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கும், நடுவுல ஒரு பள்ளம் விழும். தனியா கேக்கறப்போ அந்தப் பள்ளம் அழகு. பேண்டுல வாசிக்கறப்போ அந்தப் பள்ளத்துலதான் நாம விழுறோம்.

ஒரு ரிசப்ஷன், புது ஜாஸோட மொத கச்சேரி. கீபோர்டுகாரர் லெஃப்ட் ஹேண்ட நிறுத்தவே மாட்டாரு, எலக்ட்ரானிக் டிரம் பேடுல கிக் பூமிய இடிக்குது, என் காதுக்கு பக்கத்துல மானிட்டர் கூட கிடையாது. நான் வேர்த்து ஊத்தி வாசிச்சுட்டு இருக்கேன், ரெண்டாவது பாட்டு முடிஞ்சதும் மிக்ஸர்ல இருந்த தம்பி ஓடி வந்து, அண்ணே கேபிள் கழண்டிருக்கா பாருங்க, லைட்டு எரியுது ஆனா நீங்க வாசிக்கறது ஒண்ணுமே கேக்கலன்னான். கேபிள் ஜம்முன்னு இருந்தது. நான்தான் இல்ல.

இதுக்கு வழி உண்டு, முன்னாடி பிக்கப்ப கொஞ்சம் கொறச்சு பிரிட்ஜ் (ஸ்ட்ரிங்கோட கீழ் முனைய தாங்கற இடம்) பக்கம் இருக்கறத மட்டும் ஃபுல்லா வச்சா அந்த உறுமல் வந்துடும், கூட்டத்துலயும் வெட்டிக்கிட்டு வெளிய வரும். நானும் கொறச்சேன். ங்ங்ங்ங்னு ஒரு சத்தம். சிங்கிள் காயில், அதாவது ஒத்தச் சுருள் பிக்கப்போட ஜாதகம் அது, சுத்தி இருக்கற கரண்டு சத்தத்தையும் சேத்து உறிஞ்சும். ஜாஸ்ல ரெண்டு காயிலும் ஒண்ணுக்கொண்ணு எதிர் எதிரா சுத்தியிருக்கும், ரெண்டும் சமமா தொறந்திருந்தா சத்தம் கழிஞ்சு போயிடும், ஒண்ண கொறச்ச நிமிஷமே மிச்சம் எட்டிப் பாக்கும். அதாவது சத்தம் இல்லாம வேணும்னா பள்ளத்துல நில்லு, பள்ளத்த விட்டு வெளிய வரணும்னா சத்தத்த வாங்கிக்கோ. இந்தக் கணக்க கடையில எவனும் சொல்ல மாட்டான்.

அதுலயும் நம்ம ஊர் கரண்டு 50 ஹெர்ட்ஸ். ஈ ஸ்ட்ரிங்ல மூணாவது ஃப்ரெட் ஜி நோட் 49 ஹெர்ட்ஸ். மண்டபமே நமக்கு முன்னாடி ஜி வாசிச்சுட்டு இருக்கு, அதுவும் லேசா சுருதி ஏறி! ஜி சுருதில பாட்டு வந்தா தம்புரா வேணாம். ஸ்டேஜ் லைட் டிம்மர், பழைய ஃபேன் ரெகுலேட்டர், எர்த் சரியில்லாத வயரிங் இதெல்லாம் சேந்தா கேக்கவே வேணாம்.

பிரிசிஷன்ல இந்தப் பேச்சே கிடையாது. ரெண்டு துண்டா இருக்கற பிக்கப்போட வேலையே அதுதான், ஒரு பாதி புடிக்கற கரண்டு சத்தத்த இன்னொரு பாதி கழிச்சிடும், நீங்க வால்யூம எங்க வச்சாலும் சரி. டோனும் நடுவுல கனமா உக்காந்திருக்கும், வீட்டுல தனியா கேட்டா என்னடா இது தகர டப்பாக்குள்ள கம்பளி போட்ட மாதிரி இருக்குன்னு தோணும், பேண்டோட வாசிச்சா சுவர் மாதிரி நிக்கும். இப்பல்லாம் சவுண்ட் செக் இல்லாத கச்சேரிக்கு நான் கண்ண மூடிட்டு இததான் எடுத்துட்டு போறேன்.

ரெண்டையும் ரெக்கார்ட்ல கேக்கணும்னா ரெண்டே ஆள் போதும். பிரிசிஷனுக்கு ஜேம்ஸ் ஜேமர்சன், டெட்ராய்ட் மோட்டவுன் ரெக்கார்ட் கம்பெனியோட ஆஸ்தான பாஸிஸ்ட். 1962 பிரிசிஷன், தடியான ஃப்ளாட்வுண்ட் (மேல் சுத்து தட்டையா வழவழன்னு இருக்கற) ஸ்ட்ரிங், அறுந்தா ஒழிய மாத்த மாட்டாராம், பிரிட்ஜ் மூடிக்கு அடியில ஒரு ஸ்பாஞ்ச், வலது கையில ஆள்காட்டி விரல் மட்டும். 1971ல வந்த மார்வின் கேயோட 'வாட்ஸ் கோயிங் ஆன்' பாட்டுக்கு தரையில மல்லாக்க படுத்துக்கிட்டு வாசிச்சாருன்னு சொல்லுவாங்க. படுத்தாரோ உக்காந்தாரோ, அந்த லைன் பாடகர் கூட பேசிக்கிட்டே நடந்து போற மாதிரி இருக்கும், எந்த இடத்துலயும் இடிக்காது. ஜாஸுக்கு ஜாகோ பாஸ்டோரியஸ், வேற யாரு. அவரோடதும் 1962தான், ஆனா ஃப்ரெட் எல்லாம் எடுத்துட்டு கட்டை மேல எப்பாக்ஸி பூசினது. 1976ல வந்த அவரோட மொத ஆல்பத்த ஹெட்ஃபோன்ல கேளுங்க, பிரிட்ஜ் பிக்கப் எப்படி பாடும்னு அப்பத்தான் புரியும். ஒரு கொடுமை என்னன்னா ரெண்டு பாஸும் திருட்டு போச்சு. ஜாகோவோடது பல வருஷம் கழிச்சு கிடைச்சது, ஜேமர்சனோடது 1983ல அவர் சாகறதுக்கு கொஞ்ச நாள் முன்னாடி போனது போனதுதான்.

நம்ம பக்கம் வந்தா ராஜா பாட்டுதான் பரீட்சை. அவர் பாஸுக்கும் நோட்டேஷன் எழுதிக் குடுக்கறவரு, அவரோட பாஸிஸ்ட் சசிதரன் வாசிச்சதெல்லாம் பக்கத்துல ஓடற இன்னொரு மெட்டு மாதிரி இருக்கும். மூடுபனியில 'என் இனிய பொன் நிலாவே' எடுத்துக்கோங்க, கிட்டார விட்டுட்டு பாஸ மட்டும் புடிச்சு கேட்டா அதுவே ஒரு பாட்டு. ஜாஸோட ஒடுக்கமான நெக்ல இந்த மாதிரி ஓடற லைனெல்லாம் விரலுக்கு வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டு போகும், ஒத்துக்கறேன். ஆனா ஆடியன்ஸுக்கு கேக்கறது பிரிசிஷன்ல வாசிச்சா. ஃப்ளாட்வுண்ட் போட்டு டோன பாதிக்கு இறக்கினீங்கன்னா அந்தக் காலத்து கேசட் வாசனையே வந்துடும், முன் வரிசையில உக்காந்திருக்கற மாமாக்கள் தலைய ஆட்ட ஆரம்பிச்சிடுவாங்க.

பசங்க அடுத்து கேக்கறது, அப்ப பி பிக்கப்பும் ஜே பிக்கப்பும் சேந்த பிஜே வாங்கிட்டா ரெண்டும் கிடைக்குமேண்ணே? கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பி பிக்கப் தன் சத்தத்த தானே கழிச்சுக்கும், பிரிட்ஜ்ல இருக்கற ஒத்த ஜே காயிலுக்கு கழிக்க ஜோடி கிடையாது, அத தொறந்தாலே ங்ங்ங்தான், போதாததுக்கு பெரும்பாலும் பி சத்தமா இருக்கும் ஜே முனகும். அந்த ஜே இடத்துல சத்தம் வராத பிக்கப் போட்டிருந்தா வாங்குங்க, இல்லன்னா வேணாம். பேட்டரி போட்ட ஆக்டிவ் பாஸ் பத்தி, 1976ல வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே மாதிரி, தனியா இன்னொரு நாள் பேசணும். கேபிள சொருகியே வச்சா வாசிக்காட்டியும் பேட்டரி தீந்துக்கிட்டே இருக்கும், அத மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க.

என் ஜாஸ விக்கவும் இல்ல, விக்கவும் மாட்டேன். ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் ஹெட்ஃபோன் மாட்டி ரெண்டு வால்யூமும் ஃபுல்லா வச்சு உக்காந்தா அந்த ஒரு மணி நேரத்துக்கு பிரிசிஷன் கிட்டக் கூட வர முடியாது. வீட்டுல ரெக்கார்ட் பண்றவங்க, கட்டவிரலால ஸ்ட்ரிங்க தட்டி ஸ்லாப் அடிக்கறவங்க, சின்ன கை உள்ளவங்க மொதல்லயே ஜாஸ் வாங்கிக்கலாம், தப்பே இல்ல. மாசத்துக்கு நாலு மண்டபம் ஏறப் போறவன்னா மொத பாஸ் பிரிசிஷன்.

கடைக்கு போனா ஒண்ணு பண்ணுங்க. ஜாஸ ஆம்புல சொருகி பிரிட்ஜ் பிக்கப் மட்டும் தொறந்துட்டு, ஃபேன் ரெகுலேட்டர் எங்க இருக்குன்னு தேடி அது பக்கத்துல போய் நில்லுங்க. அப்படியே மெதுவா ஒரு சுத்து திரும்புங்க, சத்தம் ஏறி இறங்கறது கேக்கும். கடைக்காரர் ஒரு மாதிரி பாப்பாரு, பரவால்ல, இன்னொரு சுத்து திரும்புங்க.