ரிலே இருந்தது, அதில் ஒயர் இல்லை: ஹெட்லைட் மாற்றப் போகிறவர்கள் கவனத்துக்கு

என் ஃபோர் பை ஃபோர் வண்டியின் ஹெட்லைட் விஷயத்தில் ஒரே கடையில் இரண்டு முறை ஏமாந்தேன். முதல் முறை எதிரே வந்தவர்களுக்கு ஆபத்து. இரண்டாவது முறை வண்டிக்குள் இருந்த நாங்கள் நான்கு பேரும் மாட்டிக்கொண்டோம்.

வண்டி பழசு. 7 அங்குல வட்ட ஹெட்லைட், உள்ளே 60/55 வாட் (பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55) எச்4 ஹாலோஜன் பல்பு. தார் ரோட்டில் சமாளித்துவிடலாம். மண் பாதையில் பள்ளம் எது, நிழல் எது என்று பிரித்துப் பார்க்க முடியாது. கடையில் சொன்னேன். "பல்பை மட்டும் மாத்தினா போதும் சார், எல்இடி போட்டுடலாம்" என்றார்கள். டப்பாவில் 20,000 லூமென் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்று அச்சடித்திருந்தது. சாதாரண எச்4 பல்பு பிரைட்டில் தருவதே சுமார் 1650 லூமென்தான்.

மாட்டிய அன்று பளிச்சென்று இருந்தது, நானும் சந்தோஷமாகப் பணம் கொடுத்தேன். அன்று இரவே எதிரே வந்த ஒவ்வொரு வண்டியும் லைட்டை அடித்துக் காட்டியது. நான் டிம்மில்தான் போய்க்கொண்டிருந்தேன். பைக்கில் வந்த ஒருவர் கண் கூசி ரோட்டை விட்டே இறங்கிவிட்டார். நல்லவேளை, விழவில்லை. அதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

காரணம் பிறகுதான் புரிந்தது. எச்4 பல்பின் டிம் இழைக்குக் கீழே ஒரு சின்னத் தகடு இருக்கும். வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் மட்டும் பட்டு, கீழ்நோக்கி ரோட்டில் விழுவதற்கான ஏற்பாடு அது. ரிஃப்ளெக்டரின் வளைவு முழுவதும் அந்த இழை இருக்கும் இடத்தை வைத்துக் கணக்கிட்டது. எல்இடி சில்லுகள் அதே இடத்தில், அதே அளவில் அமையாவிட்டால் வெளிச்சம் கண்டபடி சிதறும். நம் வண்டியின் மூக்குக்கு முன்னால் பிரகாசமாகவும், பார்க்க வேண்டிய தூரத்தில் இருட்டாகவும் இருக்கும்.

திரும்பப் போய்ச் சண்டை போட்டேன். சரி, 100/90 வாட் ஹாலோஜன் போடுகிறோம், கூடவே ரிலே செட்டும் போட்டால்தான் ஒயரிங் தாங்கும் என்றார்கள். ரிலே என்பது ஒரு மின்சார ஸ்விட்ச்: ஹெட்லைட் ஸ்விட்ச் அதை இயக்க மட்டும் செய்யும், பல்புக்கான முழுக் கரண்ட்டும் பேட்டரியிலிருந்து ரிலே வழியாகப் போகும். அந்தப் பேச்சு சரியான பேச்சு, அதனால்தான் நம்பினேன். ரிலேவுக்குத் தனியாகப் பணமும் வாங்கினார்கள். பானெட்டைத் திறந்தால் மட்கார்டு ஓரமாகக் கறுப்பு ரிலே இரண்டு புத்தம் புதிதாக உட்கார்ந்திருந்தன.

மூன்றாவது வாரம், இரவு, கல்லும் மண்ணுமான இறக்கம். பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. லைட் ஒரு தடவை மினுக்கியது. அப்புறம் இரண்டு பக்கமும் ஒன்றாக அணைந்துவிட்டது. கியரில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்து நின்றேன். அங்கிருந்து ஒருவர் டார்ச்சோடு முன்னால் நடக்க, ஊர்ந்து ஊர்ந்து இறங்கினோம்.

மறுநாள் வேறொரு எலக்ட்ரீஷியனிடம் காட்டினேன். அவர் ரிலேக்களைப் பிடுங்கிக் காட்டினார். ஒயர்கள் இரண்டு விரல் நீளத்தில் வெட்டப்பட்டு, டேப் சுற்றி மடக்கி வைக்கப்பட்டிருந்தன. எதிலும் இணைக்கவே இல்லை! பிரைட்டில் இரண்டு 100 வாட் பல்புகள் இழுக்கும் கிட்டத்தட்ட 17 ஆம்பியரும் ஸ்டியரிங் அடியில் உள்ள பழைய ஸ்விட்ச் வழியாகவே போயிருக்கிறது. ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் கப்ளர் உருகி ஒரு கட்டியாகிக் கிடந்தது. போட்டோவோடு அந்தக் கடைக்குப் போனபோது, "பையன் மறந்திருப்பான் சார்" என்று முடித்துவிட்டார்கள். டேப் சுற்றி மடக்குவது எப்படி மறதி ஆகும்? பணம் திரும்ப வரவில்லை.

புது ஸ்விட்ச் போட்ட கையோடு, பழைய ஒயரிங்கில் அதே 100/90 பல்பைப் போட்டு அளந்து பார்த்தோம். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14.1 வோல்ட், பல்பு ஹோல்டரில் 11.6. ஹாலோஜனுக்கு வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் போய்விடும். அதாவது அந்த 100 வாட் பல்புகூட பாதி வெளிச்சத்தில்தான் எரிந்திருக்கிறது.

இப்போது இருப்பது பழையபடி 60/55 பல்புதான். பேட்டரியிலிருந்து நேராக 2.5 சதுர மி.மீ. ஒயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், டிம்முக்கும் பிரைட்டுக்கும் தனித்தனி ரிலே. மங்கிப்போன ரிஃப்ளெக்டர்களுக்குப் பதில், கண்ணாடியில் வட்டத்துக்குள் E முத்திரை (தர அங்கீகாரக் குறி) உள்ள புதியவை. ஹோல்டரில் 13.7 வோல்ட் வருகிறது. வெளிச்சம் நான் முதலில் கேட்டதைவிட நன்றாகவே இருக்கிறது.

உங்கள் வண்டியில் ரிலே போட்டதாகச் சொன்னால், லைட்டை எரியவிட்டு ரிலேக்களைக் கையால் பிடுங்கச் சொல்லுங்கள். லைட் அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் ரிலே வெறும் பொம்மைதான். ஃபோகஸையும் பகலில் பார்த்துச் சரி என்று சொல்லிவிடாதீர்கள். இருட்டிய பிறகு, வழக்கமான பாரத்தோடு, சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி டிம் போடுங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு கோடு போல வெட்டித் தெரிய வேண்டும், அதுவும் ஹெட்லைட்டின் நடு உயரத்துக்குச் சுமார் 10 செ.மீ. கீழே. கோடே தெரியாமல் வெளிச்சம் சுவர் முழுக்கப் பரவியிருந்தால், பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே பேசுங்கள்.