டிரைவரா ஐசிசி ப்ரொஃபைலா: இருட்டுப் பகுதி எதுல தெரியுது

ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்துல எடுத்த படம். பாட்டி இஸ்தோப்புல, அதாவது வாசல் திண்ணையில உக்காந்திருக்காங்க, பின்னால காம்பரா (ரூம்) கதவு தொறந்திருக்கு, உள்ள அடுப்புப் புகை படிஞ்ச செவுரு, மூலையில அவங்க அந்தக் காலத்துல கொழுந்து எடுத்த பிரம்புக் கூடை. ஸ்க்ரீன்ல எல்லாமே தெரியுது, ஏ3ல பிரிண்ட் போட்டா கதவுக்குள்ள ஒரே கருப்பு. அவங்க மகன் கேட்டதே அந்தக் கூடைக்காகத்தான், அதனால விடாம ஒக்காந்து ரெண்டு வழியிலயும் போட்டுப் பாத்தேன். அதே ஆறு கலர் டை இங்க் (கரைஞ்ச சாய மை) டேங்க் பிரிண்டர், அதே க்ளாஸி பேப்பர்.

மொத வழி, கலர பிரிண்டர் டிரைவர்கிட்டயே, அதாவது கம்ப்யூட்டர்ல பிரிண்டர ஓட்டுற சாஃப்ட்வேர்கிட்டயே விட்டுர்றது. ஐடி போட்டோ, 4க்கு 6 கல்யாணப் படம், இதுக்கெல்லாம் அது போதும், கலர் பளிச்சுன்னு வரும், வேலையும் சீக்கிரம் முடியும்.

ரெண்டாவது, போட்டோஷாப்ல அந்தப் பேப்பரோட ஐசிசி ப்ரொஃபைல (அந்தப் பேப்பர்ல எந்தக் கலர் எப்பிடி விழும்னு சொல்ற ஃபைல்) குடுத்து, டிரைவர்ல கலர் அட்ஜஸ்ட்மென்ட்ட ஆஃப் பண்ணிர்றது. ஆஃப் பண்ண மறந்தா ரெண்டு பக்கமும் கலர மாத்தும், மொகம் கருஞ்செவப்பா வந்து நிக்கும். எனக்கு ரெண்டு ஷீட் அப்பிடித்தான் வீணாச்சு.

படத்த வச்சு ஒப்பிட்டா கண்ணு ஏமாத்தும், அதனால ஒரு பட்டை செஞ்சேன். ஆர்ஜிபி அளவுல (0ன்னா முழுக் கருப்பு, 255ன்னா வெள்ளை) 0, 4, 8ன்னு 40 வரைக்கும் 11 கட்டம். டிரைவர் வழியில 16 வரைக்கும் எல்லாமே ஒரே கருப்பு, 20லதான் பிரிஞ்சிச்சு. ப்ரொஃபைல் வழியில 8லயே மெல்லிசா கோடு தெரிஞ்சிச்சு, ஆனா பிளாக் பாயின்ட் காம்பன்சேஷன் டிக் போட்டாத்தான். ரிலேட்டிவ் கலரிமெட்ரிக்ங்கிற கலர் மாத்துற முறையில அந்த டிக் இல்லாட்டி, பேப்பரால காட்ட முடியாத கருப்பெல்லாம் அப்படியே வெட்டுப்பட்டு ஒன்னாப் போயிரும், டிக் போட்டா படத்தோட கடைசிக் கருப்பு பேப்பரோட கடைசிக் கருப்புல போய் ஒக்காரும், நடுவுல இருக்க படியெல்லாம் அதுக்கேத்த மாதிரி நகந்து குடுக்கும். என் கூடை மொத்தமும் 10க்கும் 20க்கும் நடுவுலதான் இருந்திச்சு.

ஸ்க்ரீன் வெளிச்சத்தயும் கொறைங்க. மூட்டமான நாள்ல ரூம் இருட்டா இருக்கும், ஸ்க்ரீன் மட்டும் ஜெகஜ்ஜோதியா எரியும், அதுல பாத்து திருத்துனா பிரிண்ட் கண்டிப்பா இருட்டாத்தான் வரும்.

என்னைய ப்ரொஃபைல் பக்கம் இழுத்தது இந்த இருட்டுதான், ஆனா நீங்க எடுக்குறதுக்கு முன்னாடி யோசிக்க வேண்டியது அதோட பராமரிப்பு. ப்ரொஃபைல்ங்கிறது ஒரு பிரிண்டர், ஒரு மை, ஒரு பேப்பர், ஒரு டிரைவர் செட்டிங், இந்த நாலுக்கும் சேத்து ஒன்னு. இதுல ஒன்னு மாறினாலும் அது செல்லாது. விலை கொறைவுன்னு வேற மை போத்தல் ஊத்துனேன், அடுத்த பிரிண்ட்லயே நெழலெல்லாம் பச்சை அடிச்சிருச்சு. திரும்ப கலர் மேனேஜ்மென்ட் இல்லாம கலர் சார்ட் அடிச்சு, அளக்குற மெஷின் இருக்கவருக்கு கொழும்புக்கு அனுப்பி, புது ப்ரொஃபைல் வாங்குற வரைக்கும் நல்ல வேலை எதுவும் எடுக்க முடியல. சார்ட்ட ஒரு நாளாச்சும் காயவச்சு அனுப்புங்க, டை மை காயக் காயத்தான் நெறம் நெலைக்கும், நம்ம பக்கத்து மழை மாசத்துல இன்னும் கூட நேரம் எடுக்கும். பேப்பரையும் பாக்கெட்ட பிரிச்சுப் போடாம சிலிக்கா ஜெல்லோட மூடி வைங்க. அடிக்கடி மையையும் பேப்பரையும் மாத்துற ஆளுன்னா டிரைவர் வழியே நிம்மதி. ஒரே மை, ஒரே பேப்பர்னு நிக்க முடிஞ்சா ப்ரொஃபைல்தான், எனக்கு அதுல சந்தேகமே இல்ல.

மேட் பேப்பர்ல நான் ரெண்டு மூணு ஷீட்தான் போட்டிருக்கேன். க்ளாஸி அளவுக்கு கருப்பு ஆழமா வரல, நெழல்ல படிகள் கொஞ்சம் நெருக்கமாத்தான் தெரிஞ்சிச்சு. பிக்மென்ட் மை (கரையாத நிறத்தூள் கலந்த மை) பிரிண்டர் ஒரு கூட்டாளி வீட்டுல ஒரு தடவ பாத்ததோட சரி, அதனால அதப்பத்தி அடிச்சு சொல்ல மாட்டேன்.

பாட்டி படத்த கடைசியா ப்ரொஃபைல் போட்டு, நெழல போட்டோஷாப்ல வெளிச்சத்த மாத்துற கர்வ்ல ஒரு துளி தூக்கி அடிச்சேன், ஏன்னா அவங்க காம்பராவுல இருக்கது ஒரே ஒரு சின்ன பல்பு. அந்த வெளிச்சத்துலயும் கூடையோட வாய்ப் பின்னல் தெரியுது.