எழுத்தா, நோக்கமா, மேசைத் தீர்ப்பா? திறன் விதிகளை வாசிக்கும் மூன்று வழிகள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது ஆளுக்கொரு கதாபாத்திரத்தை எடுத்து, மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி ஆடும் கதை ஆட்டம். அதன் ஐந்தாம் பதிப்பு விதிகளை அட்சரம் பிசகாமல் வாசித்தால், அடர்ந்த மூடுபனி வில்லாளிக்கு உதவி செய்யும். லோங்போ என்ற நீள வில்லின் வழக்கமான வீச்சு 150 அடி, உச்ச வீச்சு 600 அடி. 150 அடிக்கு அப்பால் எய்தால் டிஸ்அட்வான்டேஜ். அதாவது இருபது முகப் பகடையை இரண்டு தடவை உருட்டி, சிறிய எண்ணை எடுக்க வேண்டும். இப்போது நடுவில் பனி இறங்குகிறது. இலக்கு கண்ணுக்குத் தெரியாததால் இன்னொரு டிஸ்அட்வான்டேஜ். ஆனால் எதிரிக்கும் வில்லாளியைத் தெரியவில்லை, அதனால் வில்லாளிக்கு ஒரு அட்வான்டேஜ், அதாவது இரண்டு தடவை உருட்டிப் பெரிய எண்ணை எடுக்கலாம். ஒரு பக்கம் எத்தனை இருந்தாலும் மறுபக்கம் ஒன்று இருந்தால் போதும், எல்லாம் அடிபட்டுப் போகும் என்பது விதி. ஆகவே எதிரி நிற்கும் இடம் மட்டும் தெரிந்துவிட்டால், 500 அடி தூரத்தில் வெயிலில் எய்வதைவிடப் பனிக்குள் எய்வது சுலபம்.

இலங்கை மலையகத்தில் ரம்பொடையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில் பனி இறங்கிய பிறகு பயணம் செய்த யாரும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பகலிலேயே லைட்டைப் போட்டுக்கொண்டு, முன்னால் போகும் பஸ்ஸின் சிவப்பு விளக்கை மட்டும் நம்பி ஊர்கிற பாதை அது. தலவாக்கலை, ஹட்டன், பண்டாரவளை என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கூடும் மேசையில் இந்த விதியை வாசித்தால் உடனே எதிர்ப்பு வரும். அந்த எதிர்ப்பு நியாயமானது. ஆனால் அதே நியாயத்தை எல்லா விதிக்கும் நீட்டினால் ஆட்டம் குழம்பிவிடும். எங்கே எழுத்தைப் பிடிப்பது, எங்கே விடுவது என்பதுதான் கேள்வி.

பொதுவாக மூன்று வழி. எழுத்தில் உள்ளபடி நடப்பது ஒன்று. எழுதியவர் என்ன நினைத்து எழுதியிருப்பார் என்று பார்ப்பது இரண்டாவது. ஆட்டத்தை நடத்தும் டிஎம் அந்த நேரத்தில் சொல்வதே தீர்ப்பு என்பது மூன்றாவது.

எழுத்துப்படி நடப்பதில் எனக்குப் பிடித்தது, அது ஆட்டக்காரரைக் காப்பாற்றுகிறது. ரோக் என்ற மறைந்து தாக்கும் பாத்திரத்தின் ஸ்னீக் அட்டாக்கை, அதாவது சாதகமான நேரத்தில் அடிக்குக் கூடுதல் சேதம் சேர்க்கும் திறனை, எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் மேசையில் ரோக் ஆடும் தங்கச்சி ஒருத்தி, தன் முறையில் ஒரு எதிரியைக் குத்தி, ஸ்னீக் அட்டாக் சேதத்தையும் சேர்த்து எடுத்துவிட்டாள். அப்புறம் அந்த எதிரி தன் முறையில் அவளை விட்டு ஓடப் பார்த்தது. அவளுக்கு ரியாக்‌ஷனில் ஒரு வெட்டு கிடைத்தது. ரியாக்‌ஷன் என்பது அடுத்தவர் முறையில் செய்யக்கூடிய ஒரே ஒரு பதில் செயல்.

"அண்ணே, இதுக்கும் ஸ்னீக் அட்டாக் வரும்தானே?"

"இந்த ரவுண்டுக்கு ஒண்ணு முடிஞ்சிருச்சே, தங்கச்சி" என்றார் டிஎம்.

"கார்டைப் பாருங்க அண்ணே."

திறனின் விதி அச்சடித்த அந்தக் கார்டில் அவள் சொன்னபடிதான் இருந்தது. கட்டுப்பாடு ஒருவரின் முறைக்கு ஒன்று, எல்லோர் முறையும் சேர்ந்த ஒரு ரவுண்டுக்கு ஒன்று அல்ல. எதிரியின் முறை வேறு முறை. எதிரிக்குப் பக்கத்தில் 5 அடிக்குள் நம் ஆள் ஒருவர் நின்றால், மற்ற நிபந்தனைகளும் சரியாக இருந்தால், மறுபடியும் போடலாம். கேட்டவுடன் அநியாயம் போலத் தோன்றும். பாத்திரம் வளர்ந்து எட்டும் ஐந்தாம் நிலையில் மூன்று ஆறுமுகப் பகடைச் சேதம், அதுவும் இரண்டு தடவையா என்று. ஆனால் கணக்கை முழுதாகப் பாருங்கள். அதே ஐந்தாம் நிலையில் ஃபைட்டர் என்ற போர்வீரர் தன் முறையில் இரண்டு தடவை வெட்டுகிறார், ரோக்குக்கு ஒன்றுதான். ரியாக்‌ஷனை வெட்டுக்குச் செலவழித்துவிட்டால் அவளுக்கு அடுத்த முறை வரும்வரை அன்கனி டொட்ஜ் இல்லை. அந்த நிலையில்தான் அவளுக்கு அது கிடைக்கிறது, விழும் அடியைப் பாதியாக்கும் திறன். அதையும் ரியாக்‌ஷன் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஆகவே இரண்டாவது ஸ்னீக் அட்டாக் இனாம் இல்லை. "ஏதோ தவறுதலாக எழுதிவிட்டார்கள்" என்று டிஎம் அதை வெட்டியிருந்தால், அந்தப் பிள்ளை விலை கொடுத்து வாங்கிய ஒன்றைப் பறித்திருப்பார்.

எங்கள் ஊரில் இதை விளக்கத் தூரம் போகத் தேவையில்லை. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு காட்டிய கிலோவைக் கண்ணால் பார்த்தபிறகு, ஈரத்துக்கு இத்தனை, சாக்குக்கு இத்தனை என்று கழித்து அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடும்போது வரும் கசப்பு எங்கள் அம்மாமாருக்குத் தெரியும். கழிவு இருப்பது மட்டும் பிரச்சினை இல்லை. நிறுத்த பிறகு சொல்வதுதான் பிரச்சினை. பகடை உருண்ட பிறகு மாறும் விதியும் அதே கசப்பைத் தரும்.

சரி, நோக்கப்படி வாசிப்பது? கேட்க அழகாக இருக்கிறது. நடைமுறையில் இதுதான் மூன்றிலும் நொய்ந்தது. எழுதியவர் நம் மேசையில் இல்லை. அவர் மனதில் இருந்ததாக நாம் சொல்வது பெரும்பாலும் நம் மனதில் இருப்பதுதான்.

ஆனாலும் இது தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. ஐந்தாம் பதிப்பின் முதல் வடிவமான 2014 பதிப்பில் கண்ணுக்குத் தெரியாத நிலைக்கு இரண்டு தனித்தனி வரிகள். மந்திரமோ சிறப்புப் புலனோ இல்லாமல் அந்த நிலையில் உள்ளவரைக் காண முடியாது என்பது முதல் வரி. அவரைத் தாக்குபவருக்கு டிஸ்அட்வான்டேஜ், அவர் தாக்கினால் அட்வான்டேஜ் என்பது இரண்டாவது. சீ இன்விசிபிளிட்டி என்ற இரண்டாம் நிலை மந்திரத்தைப் போட்டவருக்கு அவர் தெரிகிறார். ஆனால் எழுத்துப்படி இரண்டாவது வரி அப்படியே நிற்கிறது. எதிரே நிற்கும் ஆளைத் தெளிவாகப் பார்த்துக்கொண்டே, பார்க்காதவர் போல உருட்ட வேண்டும். இங்கே எழுத்தைப் பிடித்துத் தொங்கினால் அந்த மந்திரம் பாதி வீண். 2024 பதிப்பில் இதைத் திருத்திவிட்டார்கள்: உங்களைக் காண முடிகிறவரிடம் அந்தச் சலுகை செல்லாது. நோக்கப்படி வாசித்தவர்கள் சரியாகத்தான் வாசித்திருக்கிறார்கள். ஆனால் அதைப் புத்தகம் சொல்லப் பத்து வருடம் ஆனது. அதுவரை ஒவ்வொரு மேசையும் தன் பாட்டில் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

விதிச் சந்தேகங்களுக்கு வெளியீட்டாளர் தரும் பதில்களான சேஜ் அட்வைஸ் தொகுப்பு இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது நல்ல உதவி, இலவசமாகவும் கிடைக்கிறது. ஆனால் வடிவமைப்பாளர்கள் சமூக வலைத்தளத்தில் சொன்ன பதில்களை அந்தத் தொகுப்பே அதிகாரபூர்வத் தீர்ப்பாக ஏற்கவில்லை, ஆலோசனை என்றுதான் சொல்கிறது. ஆகவே போனை எடுத்துப் பழைய ட்வீட்டைக் காட்டி டிஎம்மை மடக்கப் பார்ப்பவர்கள் அதைக் கவனிக்க வேண்டும்.

மேசைத் தீர்ப்புக்கு வருவோம். 2014 டிஎம் வழிகாட்டியே விதிகள் அதிகாரி இல்லை, டிஎம்தான் பொறுப்பு என்ற தொனியில்தான் தொடங்குகிறது. பனி விஷயத்தில் எங்கள் டிஎம் செய்தது இந்த வகை. பனிக்குள் நடக்கும் சண்டை தொடங்கும் முன்பே சொல்லிவிட்டார்: கண்ணுக்குத் தெரியாத இலக்குக்குத் தூரத்தால் வரும் டிஸ்அட்வான்டேஜ் எதனாலும் அடிபடாது. ஒருவரும் மறுக்கவில்லை. யாருடைய திறனும் அதில் குறையவில்லை, மாறியது பனி மட்டும். பனி எப்படி இருக்கும் என்று அந்த மேசையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

என் பிரிப்பு இங்கிருந்துதான் வருகிறது. கதாபாத்திரத் தாளில் எழுதியிருக்கும் திறன் ஆட்டக்காரருடையது, அதை எழுத்துப்படி நடத்த வேண்டும். சுற்றியிருக்கும் உலகம் டிஎம்முடையது, அங்கே அவர் தீர்ப்புச் சொல்லலாம், ஆனால் உருட்டுவதற்கு முன் சொல்ல வேண்டும். இரண்டு எழுத்துகள் ஒன்றோடொன்று முட்டினால் மட்டும் நோக்கத்தைத் தேடலாம்.

எந்த ஆட்டத்தை எடுத்தாலும் இது ஒரே அளவில் பொருந்தாது. இதே வகை ஆட்டமான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பு, 2019இல் வந்தது, எழுத்துப்படி ஆடுபவர்களின் ஆட்டம். பனியையே பாருங்கள். பனி மறைக்கும் இலக்கைத் தாக்கினால், முதலில் தனியாக ஓர் இருபது முகப் பகடை உருட்டி 5 அல்லது அதற்கு மேல் எடுக்க வேண்டும். இடம் தெரிந்தும் ஆளே தெரியாவிட்டால் 11. அந்தத் தனிப் பகடையை எதிரியின் குருட்டுத்தனம் அடித்துப் போடாது. எழுத்துப்படி ஆடினாலே பனி பனியாக இருக்கிறது, டிஎம் தலையிட வேண்டியதில்லை. விதிகள் முழுவதும் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. ஆனால் நினைவில் வைக்க வேண்டியவை ஏராளம், புதிதாக வருபவர் களைத்துப் போவார். மறுபக்கம், 2010இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்டும் அதன் வழி வந்தவையும். இரண்டு ஆறுமுகப் பகடை, 10 அல்லது அதற்கு மேல் வந்தால் முழு வெற்றி, 7 முதல் 9 வரை விலையோடு வெற்றி, அதற்குக் கீழே டிஎம் கை ஓங்கும். கதையில் நடப்பதுதான் விதியைத் தூண்டுகிறது, ஆகவே அடிக்கணக்கில் சண்டை வராது. ஆனால் திறனைத் துல்லியமாகத் திட்டமிட்டு வளர்க்க ஆசைப்படும் ஆட்டக்காரருக்கு அது போதாது.

எங்கள் சூழலில் எழுத்துக்கு ஒரு மேலதிகக் காரணம் உண்டு. பாதிப் பேர் கொழும்பில் வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் நேரில் உட்காருகிறோம், மற்ற நாட்களில் போனில். மழை பிடித்தால் சிக்னல் போய்விடும். அரைமணி நேரம் வாதாட வசதியில்லை. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் வெளியானது. அதிலுள்ள திறன்களைக் கொமியூனிகேஷன் கடையில் பிரின்ட் எடுத்து, ஆளுக்கு ஆள் வெட்டிக் கொடுத்துவிட்டோம். தங்கச்சி காட்டிய கார்டும் அப்படி வந்ததுதான். மேசைத் தீர்ப்புகளுக்குத் தடித்த அட்டை போட்ட ஒரு சீஆர் கொப்பி இருக்கிறது. தீர்ப்பு ஒரு தடவை சொல்லப்பட்டால் அதில் ஏறும், அடுத்த தடவை அதுவே எழுத்து. டிஎம் மாறினாலும் கொப்பி மாறாது.

இந்தப் பிரிப்பு தடுமாறும் இடமும் உண்டு. கிரியேட் ஓர் டிஸ்ட்ரோய் வோட்டர் முதல் நிலை மந்திரம். திறந்த பாத்திரம் ஒன்றில் 10 கலன், கிட்டத்தட்ட 38 லீட்டர் தண்ணீர் வரவழைக்கும். திறந்திருக்கும் வாய் வழியாக எதிரியின் நுரையீரலை நிரப்பலாமா என்று யாராவது ஒருவர் எல்லா மேசையிலும் கேட்பார். திறன் அவருடையது, எழுத்தில் நுரையீரல் கூடாது என்றும் இல்லை. பாத்ஃபைண்டர் இதற்கு ஒரு நல்ல அளவுகோல் வைத்திருக்கிறது: ஒரு வாசிப்பு நம்ப முடியாத அளவுக்கு நல்லதாகத் தோன்றினால், அநேகமாக அது தவறான வாசிப்பு. தப்பிக்க உருட்டும் சேவிங் த்ரோ கூட இல்லாமல் ஒரு முதல் நிலை மந்திரம் ஆளைக் கொல்லும் என்றால், மேல் நிலை மந்திரங்களை யாரும் படிக்கவே தேவையில்லை. அதனால் நான் டிஎம்மாக இருக்கும்போது நுரையீரல் பாத்திரம் ஆகாது, கொப்பியிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அதே மந்திரம் 30 அடிக் கனசதுரத்துக்குள் மழையாகப் பெய்து, திறந்து எரியும் நெருப்பை அணைக்கும் என்றும் எழுதியிருக்கிறது. எதிரி கொளுத்திய கூரையை ஆட்டக்காரர் அப்படி அணைக்கக் கேட்டால், உருட்டச் சொல்லாமலே அணைந்தது என்று சொல்லிவிடுவேன்.