தேன் நெல்லி போட்டேன், கள் வாசம் வந்தது

சர்க்கரை வேண்டாம், தேனிலேயே நெல்லிக்காய் ஊறப்போடலாம் என்று நினைத்திருப்பவர்கள் தேன் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 2,100 ரூபாயும் மூன்று கிலோ நெல்லிக்காயும் போயின. தங்கை வீட்டுச் சுவரில் ஒரு கறையும் மிச்சம்.

தை மாதம் நல்ல பெருநெல்லி கிடைத்தது. வழக்கமாகச் சர்க்கரையைக் கம்பிப் பதத்துக்குக் காய்ச்சித்தான் போடுவேன். தங்கை வீட்டில் இப்போது வெள்ளைச் சர்க்கரைக்குத் தடை. சரி, தேனில் போட்டுக் கொடுப்போம் என்று எங்கள் ஊரில் புதிதாக வந்திருக்கும் ஓர் இயற்கை அங்காடிக்குப் போனேன். மண்பானை, சணல் பை, சுவரில் மலைப் படம் என்று கடை பார்க்க அழகாகவே இருந்தது. பாட்டில் ‘ஒரு கிலோ’ 700 ரூபாய். மூன்று வாங்கினேன்.

சுத்தமான தேன்தான் என்று நிரூபிக்கக் கடைக்காரர் எனக்கு இரண்டு வித்தை காட்டினார். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டுத் தேன் விட்டார். கரையாமல் அடியில் போய் உட்கார்ந்தது. தீக்குச்சியைத் தேனில் தோய்த்து உரசினார். இரண்டாவது உரசலில் பற்றிக்கொண்டது. நானும் தலையாட்டினேன். கெட்டியான சர்க்கரைப் பாகும் தண்ணீரில் அப்படித்தான் அடியில் போய் உட்காரும் என்பது, ஆண்டுதோறும் பாகு காய்ச்சுகிற எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. “கொஞ்சம் இளக்கமாக இருக்கிறதே” என்றதற்கு, “மழை முடிந்து எடுத்த தேன் அம்மா, அப்படித்தான் இருக்கும். சர்க்கரை எவ்வளவு போடுவீர்களோ அதே அளவு ஊற்றுங்கள், காய்ச்சவே வேண்டாம்” என்றார்.

நெல்லிக்காயைக் கழுவி, ஆவியில் லேசாக வேகவைத்து, இரவு முழுவதும் மின்விசிறிக் காற்றில் உலர்த்தி, முள்கரண்டியால் குத்தி, பீங்கான் ஜாடியில் போட்டு இரண்டு பாட்டில் தேனை ஊற்றினேன். வாயில் துணி கட்டி மாடி வெயிலில் வைத்தேன். ஐந்தாம் நாள், பார்க்க நன்றாக இருக்கிறதே என்று ஒரு சிறிய பாட்டிலில் நிரப்பித் தங்கைக்கு அனுப்பியும்விட்டேன். அவசரக்குடுக்கை.

ஒன்பதாம் நாள் காலை ஜாடியின் துணி நனைந்திருந்தது. அவிழ்த்தால் மேலே விரற்கடை உயரத்துக்கு வெள்ளை நுரை. காய்கள் மிதந்தன; கரண்டியால் ஒன்றை அழுத்தினால் பக்கவாட்டில் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பியது. காலை பத்து மணிக்குப் பனங்கள் வாசனை. அன்று மாலையே தங்கை போன் செய்தாள். மூடியைத் திருகியதும் சோடா போலப் பீய்ச்சி அடுப்படிச் சுவர் முழுவதும் தெறித்திருக்கிறது.

கடைக்குப் போனேன். முதலில், “காயில் ஈரம் இருந்திருக்கும்” என்றார். உலர்த்திய கதையைச் சொன்னதும், “பொங்கினால்தான் அம்மா அது உயிருள்ள தேன், கலப்படத் தேன் பொங்காது” என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டேன். உடைத்த பாட்டிலை வாங்க மாட்டாராம்.

உடைக்காத மூன்றாவது பாட்டில் வீட்டில் இருந்ததே! அளவுக் குவளையில் சரியாக ஒரு லிட்டர் வந்தது. ஒரு லிட்டர் நல்ல தேன் ஏறத்தாழ 1.4 கிலோ நிற்கும். கிலோ என்று சொல்லி 400 கிராம் தேனைக் கூடுதலாகக் கொடுக்கிற வியாபாரி எந்த ஊரில் இருக்கிறார்? வாங்கும்போதே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. தராசில் வைத்தேன்: 1 கிலோ 360 கிராம். நாற்பது கிராம்தானே என்று விட்டுவிடாதீர்கள். தேனைவிடத் தண்ணீர் லேசானது; எடை குறைகிறது என்றால் தண்ணீர் கூடுதலாக இருக்கிறது என்று பொருள். தேனில் தண்ணீர் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு. அதற்கு மேல் போனால் நொதிக்க வைக்கும் ஈஸ்ட்டுக்கு வழி திறந்துவிடும். நெல்லிக்காய் வேறு ஊற ஊறத் தன் தண்ணீரை விடும். சர்க்கரை என்றால் பாகைத் திரும்ப இறக்கிக் காய்ச்சிக் கெட்டியாக்குவோம். “காய்ச்சவே வேண்டாம்” என்ற பேச்சைக் கேட்டு நான் அதையும் செய்யவில்லை.

பாகு கலந்தார்களா என்று என்னால் சொல்ல முடியாது. தராசு தண்ணீரைக் காட்டும், கெட்டிப் பாகைக் காட்டாது. 2020இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 நிறுவனங்களின் தேனைச் சோதித்ததில், வெளிநாட்டு ஆய்வகத்தின் நுட்பமான சோதனையில் தேறியவை மூன்றுதான். அப்படியிருக்க, தீக்குச்சி எந்த மூலைக்கு?

சோதனைக்கு அனுப்பலாமா என்று விசாரித்தேன். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆவது பிரிவில் வாங்குகிறவருக்கே அந்த உரிமை இருக்கிறது. கட்டணம் கட்ட வேண்டும், குறை உறுதியானால் அது திரும்பக் கிடைக்கும். ஆனால் சோதனைக்கு அனுப்பப்போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டுமாம். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். இருக்க வேண்டிய 14 இலக்க உரிம எண் இல்லை. ஒரு தேனீ படம் மட்டும் இருந்தது. அதைப் படம் எடுத்து மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நேற்று அந்தக் கடை வழியாகப் போனேன். கண்ணாடி அலமாரியில் அவர்களே போட்ட தேன் நெல்லி வரிசையாக இருந்தது. இரண்டு பாட்டில்களின் மூடி உப்பியிருந்தது.