நாகசாகியில் மழை: கப்பலிலிருந்து இறங்கி எந்தப் பக்கம் போவது?

நீண்ட கப்பல் பயணத்தில் ஜப்பானுக்குக் கிடைப்பதே மூன்று நான்கு நாள்தான். அதில் ஒரு நாள் விடியும்போதே கேபின் ஜன்னலில் தண்ணீர் வழிந்தால் வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும். எங்களுக்கு அது நாகசாகியில் நடந்தது. ஜூன் மாதம், அங்கே 'ட்சுயு' என்கிற மழைக்காலம். 1982 ஜூலையில் இந்தப் பகுதியில் கொட்டிய மழையில் 299 பேர் இறந்தோ காணாமலோ போயிருக்கிறார்கள், அவ்வளவு பொல்லாத மழையும் உண்டு. எங்களுக்கு வாய்த்தது நாள் முழுக்க விடாமல் நசநசத்த தூறல்.

காலை உணவு மேஜையிலேயே விவாதம் தொடங்கிவிட்டது. பக்கத்திலேயே இருக்கிற குளோவர் தோட்டமா, டிராம் பிடித்து உரகாமி பக்கம் போய் அணுகுண்டு அருங்காட்சியகமா? மனைவி கப்பல் சினேகிதிகளோடு தோட்டத்துக்குப் போனார், நான் தனியாக டிராம் ஏறினேன். சாயங்காலம் இரண்டு பேரும் ஒப்பிட்டுப் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

தோட்டத்துக்குப் பெரிய வசதி தூரம். கப்பல் நிற்கும் மாட்சுகாயே துறையிலிருந்து நடந்தே போய்விடலாம். ஸ்காட்லாந்து வியாபாரி தாமஸ் குளோவர் 1863இல் கட்டிய வீடு, ஜப்பானில் இன்றும் நிற்கும் மேல்நாட்டு பாணி மரவீடுகளிலேயே பழையது. ஆனால் அந்த இடத்தின் அழகில் பாதி, குன்றின் மேலிருந்து தெரியும் துறைமுகக் காட்சி. மழையில் அது வெறும் சாம்பல் திரை, எங்கள் கப்பலே பாதிதான் தெரிந்ததாம். மேலே ஏறுவதற்கு நகரும் படிகள் இருக்கின்றன, முட்டிவலிக்காரர்களுக்குப் புண்ணியம், ஆனாலும் உள்ளே இருக்கும் பழைய வீடுகளில் வீட்டுக்கு வீடு குடையை விரித்து மடக்கி அலுத்துப்போனது என்றார் மனைவி. கீழே கல் பாவிய சரிவுத் தெருக்கள் ஈரத்தில் வழுக்கும், செருப்போடு போகவே போகாதீர்கள். வழியில் 1864இல் கட்டி முடித்த ஓரா தேவாலயம் இருக்கிறது. இரண்டு நூற்றாண்டுக்கும் மேல் ரகசியமாகக் கிறிஸ்தவத்தைக் காப்பாற்றி வைத்திருந்த உரகாமி கிராமத்தார், 1865 மார்ச்சில் பிரெஞ்சுப் பாதிரியாரிடம் வந்து தங்களை வெளிப்படுத்திக்கொண்டது இங்கேதான். மனைவிக்கு அன்றைக்குப் பிடித்தது இது ஒன்றுதான்.

சரி, என் பக்கம். ஓரா கடற்கரைத் தெருவில் ஏறி, சைனாடவுன் நிறுத்தத்தில் மாறினால் அருங்காட்சியக நிறுத்தம் வந்துவிடும். பின்வாசலில் ஏறி முன்வாசலில் காசு போட்டு இறங்க வேண்டும், எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம். இறங்கி ஒரு சின்ன மேடு ஏறினால் மீதியெல்லாம் கூரைக்குக் கீழே. குண்டு வெடித்த 11:02க்கு நின்றுபோன சுவர்க் கடிகாரத்தின் முன் நான் நின்ற நேரம் எவ்வளவு என்று எனக்கே தெரியவில்லை. 1945 ஆகஸ்ட் 9 அன்று அணுகுண்டைச் சுமந்து வந்த அமெரிக்க விமானத்தின் முதல் இலக்கு கோகுரா நகரம். அங்கே குறி பார்க்க முடியாதபடி புகையும் மேகமும் மறைத்ததால் நாகசாகிக்குத் திரும்பியது, இங்கேயும் மேகம்தான், ஓர் இடைவெளி கிடைத்ததும் போட்டுவிட்டார்கள். காலையில் மழை மேகத்தைத் திட்டிக்கொண்டே இறங்கியவன் நான், அதைப் படித்த பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

பலரும் அருங்காட்சியகத்தோடு திரும்பிவிடுகிறார்கள். ஒட்டினாற்போல் பூமிக்கடியில் நினைவு மண்டபம் ஒன்று இருக்கிறது, 2003இல் திறந்தது, கட்டணம் கிடையாது. அதன் மேலே பெரிய வட்டமான தண்ணீர்த் தொட்டி. குண்டு விழுந்த பிறகு தண்ணீர், தண்ணீர் என்று கேட்டபடியே செத்தவர்களுக்காக வைத்த தண்ணீர் அது. அதன்மேல் மழை விழுந்துகொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டு குடைக்குள் நின்றேன், கூட யாருமில்லை. குண்டு வெடித்த இடத்துக்கு நேர் கீழே நிற்கும் கறுப்புத் தூண் நடக்கும் தூரம்தான். அமைதிப் பூங்காவின் பெரிய சிலை இன்னும் கொஞ்சம் தள்ளி, திறந்த வெளியில், மழை வலுத்தால் விட்டுவிடலாம். எட்டு வயதுக்கும் கீழான பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்குள் கூட்டிப்போக நான் யோசிப்பேன், படங்கள் அப்படி. அவர்களுக்குப் பெங்குவின் காட்சியகம் இருக்கிறது, பஸ்ஸில் போக வேண்டும்.

திரும்பும் வழியில் அதே டிராம் பாதையில்தான் தெஜிமா. இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் மனைவியும் என்னோடு வந்திருப்பார். 1641லிருந்து இரண்டு நூற்றாண்டுக்கு மேல் டச்சு வணிகர்களை ஜப்பான் அடைத்து வைத்திருந்த விசிறி வடிவச் செயற்கைத் தீவு. சுற்றியிருந்த கடலைத் தூர்த்துவிட்டதால் இப்போது ஊர் நடுவில் கிடக்கிறது. கட்டடங்கள் பெரும்பாலும் மறுபடி கட்டியவை, ஆனால் அடுத்தடுத்து நெருக்கமாக இருப்பதால் அதிகம் நனைய வேண்டியதில்லை. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை வைத்திருந்த அதே டச்சுக் கம்பெனிதான் இங்கேயும், நம் கரைத் துணிகளும் அதன் கப்பல்களில் ஜப்பானுக்குப் போயின. கோடுபோட்ட ஒருவகைப் பருத்தித் துணிக்கு ஜப்பானியர்கள் வைத்த பெயர் 'சந்தோமே'. நம் மயிலாப்பூர் சாந்தோம்தான்!

சாப்பாடு என்றால் எல்லோரும் சாம்பொன் நூடுல்ஸைச் சொல்வார்கள். பன்றியும் கடல் உணவும் கலந்த சாறு, சைவக்காரர்களுக்கு ஆகாது, கஸ்தெலா கேக்கிலும் முட்டை உண்டு. கடை பார்க்க மட்டும் ஆசை என்றால் ஹமானோமாச்சி அங்காடித் தெருவுக்குக் கூரை இருக்கிறது, ஆனால் அதற்காக ஒரு நாகசாகி நாளைச் செலவழிப்பது எனக்கு ஒப்பாது.

கப்பலிலேயே இருந்துவிடலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். எல்லோரும் இறங்கிய நாளில் துணி துவைக்கும் அறை காலியாகக் கிடக்கும், அது உண்மைதான். ஆனால் நடுக்கடலில் துவைக்க எத்தனையோ நாள் இருக்கிறது. கட்டாயம் ஒன்றுதான் என்றால் காலையில் உரகாமி, நேரம் மிஞ்சினால் தெஜிமா. தோட்டத்தை வெயில் அடிக்கும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் திரும்பும் டிராமில் ஈரக் குடைகளோடு கூட்டம் பிதுங்கும், கப்பல் ஏறக் கடைசி நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே கிளம்பிவிடுங்கள், பைக்குள் ஒரு ஜோடி காய்ந்த காலுறையும் இருக்கட்டும்.