கிராஸ் கம்பைல்: ஆட்டோடூல்ஸா, சிமேக்கா, மெஸானா?

எக்ஸ்86 லேப்டாப்பில் உட்கார்ந்துகொண்டு, ராஸ்ப்பெரி பை மாதிரியான 64 பிட் ஆர்ம் போர்டுக்கு பில்ட் எடுக்க வேண்டும். ஒரு கணினியில் இருந்துகொண்டு வேறு வகை பிராசஸருக்கு இப்படி எடுப்பதுதான் கிராஸ் கம்பைல். ஆட்டோடூல்ஸ், சிமேக், மெஸான் என்ற மூன்று பில்ட் கருவிகளிலும் இது நடக்கும். வேகத்தையும் சின்டாக்ஸையும் வைத்துத்தான் பலர் ஒப்பிடுகிறார்கள். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: கோளாறு என்றால் சத்தம் போட்டு நிற்கிறதா, இல்லை கமுக்கமாக லேப்டாப்பின் லைப்ரரியை எடுத்துக் கோத்துவிடுகிறதா?

ஆட்டோடூல்ஸில் ஹோஸ்ட் என்று கொடுப்பது புரோகிராம் ஓடப்போகும் போர்டு. பில்ட் என்பது உங்கள் லேப்டாப். டார்கெட் கம்பைலர் எழுதுகிறவர்கள் சமாசாரம், தொடவே வேண்டாம். ஹோஸ்ட் கொடுக்காமல் ஆர்ம் கம்பைலரை மட்டும் காட்டினால், கான்ஃபிகர் (பில்டுக்கு முன் சூழலைச் சோதிக்கும் ஸ்கிரிப்ட்) ஒரு குட்டி புரோகிராமை ஓட்டிப் பார்த்து, முடியாமல், "கிராஸ் கம்பைல் என்றால் ஹோஸ்ட் கொடு" என்று நின்றுவிடும். (லேப்டாப்பில் க்யூஎமு என்ற எமுலேட்டர் பின்னணியில் ஆர்ம் புரோகிராம்களை ஓட்டிக்கொடுக்கும்படி அமைந்திருந்தால் இதுகூட நிற்காது.)

நிஜத் தலைவலி அதற்குப் பிறகு. மெமரி ஒதுக்கித் தரும் சி ஃபங்ஷனான மாலக்கிடம் பூஜ்யம் பைட் கேட்டால் என்ன திருப்பித் தருகிறது என்பதை ஓட்டித்தான் பார்க்க முடியும். கிராஸில் ஓட்ட வழியில்லை என்பதால் பழைய கான்ஃபிகர் "சரியில்லை" என்றே முடிவுகட்டி, மாலக்கை ஆர்பிஎல்_மாலக் என்று மாற்றிவிடும். கடைசியில், துண்டுகளைக் கோக்கும் லிங்க்கர், ஆர்பிஎல்_மாலக் எங்கே என்று கேட்கும். ஏசி_சிவி_ஃபங்க்_மாலக்_0_நான்னல் என்ற மாறிக்கு முன்கூட்டியே "யெஸ்" கொடுத்தால் தீர்ந்தது. அசிங்கமான வைத்தியம்தான். ஆனால் கான்ஃபிக்.லாகில் தோற்ற சோதனையின் சோர்ஸும் கம்பைலர் சொன்ன வார்த்தையும் அப்படியே கிடக்கும்.

சிமேக்கில்தான் எனக்குப் பயம் அதிகம். எந்த கம்பைலர், எந்த போர்டு என்று சொல்லும் டூல்செயின் கோப்பில் சிஸ்டம் நேம் வைக்காவிட்டால் இது கிராஸ் பில்ட் என்றே அதற்குத் தெரியாது. எதை போர்டின் கோப்புகளுக்குள் மட்டும் தேடுவது என்று சொல்லும் ஃபைண்ட் ரூட் பாத் மோடுகளில் லைப்ரரி, இன்க்ளூட், பேக்கேஜ் மூன்றுக்கும் ஒன்லி, புரோகிராமுக்கு நெவர் என்று எழுதாவிட்டால் லேப்டாப்பின் லைப்ரரியைக் கண்டுபிடித்து, கான்ஃபிகர் சந்தோஷமாக முடியும். லிங்க் நேரத்தில்தான் "ஸ்கிப்பிங் இன்கம்பாட்டிபிள்" என்று வரும். ஹெடர் மட்டும் லேப்டாப்புடையதாக மாறிப்போயிருந்தால் அதுவும் வராது. இத்தனை எழுதினாலும், லைப்ரரிகள் எங்கே என்று சொல்லும் பேக்கேஜ்-கான்ஃபிக் கருவி இந்த மோடுகளை மதிக்காது. அதற்கு பிகேஜி_கான்ஃபிக்_லிப்டிர் வைக்க வேண்டும். பாத் என்று முடியும் மாறியை வைத்தால் பட்டியலில் சேர்க்குமே தவிர லேப்டாப்பின் தேடல் இடங்களை விலக்காது. டூல்செயினைத் திருத்தினால் பழைய கேச்சோடு போராடாதீர்கள். பில்ட் டைரக்டரியையே அழியுங்கள், அல்லது சிமேக் 3.24 முதல் இருக்கும் ஃப்ரெஷ் ஆப்ஷனைக் கொடுங்கள்.

மெஸான் கறார் பேர்வழி. கிராஸ் ஃபைலில் (மெஸானின் டூல்செயின் கோப்பு) பேக்கேஜ்-கான்ஃபிக்கைக் குறிப்பிடவில்லையா, லேப்டாப்பில் இருப்பதைத் தொடாது, கிடைக்கவில்லை என்று சொல்லிவிடும். எரிச்சலாக இருக்கும், ஆனால் முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடுகிறது. இன்னொன்று, பில்டுக்கு நடுவே ஓடி சோர்ஸ் கோப்புகளை எழுதித் தர வேண்டிய கோட் ஜெனரேட்டர். மெஸானில் அதற்கு நேட்டிவ் ட்ரூ என்று ஒரு வரி போதும். ஜெனரேட்டர் லேப்டாப்புக்கும் மற்றவை போர்டுக்கும் ஒரே பில்டில் தயாராகும். சிமேக்கில் ஒரு பில்ட் ட்ரீக்கு ஒரே டூல்செயின். ஜெனரேட்டரும் ஆர்முக்கே பில்ட் ஆகி, ஓட்டும்போது "எக்ஸெக் ஃபார்மட் எர்ரர்" என்று விழும். எமுலேட்டர் வைக்க வேண்டும், இல்லை ஜெனரேட்டரைத் தனி பில்டாகப் பிரிக்க வேண்டும்.

ஆகவே லினக்ஸ் போர்டுக்குப் புதிதாகத் தொடங்கும் சி புராஜெக்ட் என்றால் மெஸான். சார்ந்திருக்கும் சி++ லைப்ரரிகள் எல்லாம் சிமேக் கான்ஃபிக்கோடு வருகின்றன என்றால் சிமேக்கோடு இருங்கள். டூல்செயின் கோப்பை மட்டும் ஒருமுறை ஒழுங்காக எழுதிவிடுங்கள். அடுத்தவர் எழுதிய ஆட்டோடூல்ஸ் புராஜெக்டை மாற்றி எழுத உட்காராதீர்கள். மேலே சொன்ன மாதிரி மாறிகளை ஒரு கோப்பில் போட்டு கான்ஃபிக்_சைட் என்ற சூழல் மாறியில் காட்டினால், அதே போர்டுக்கு எடுக்கும் மற்ற பேக்கேஜ்களுக்கும் அதுவே உதவும்.